பன்னிரண்டு கம்பியும் ஒரு நொட்டாங்கையும்

என் மனைவிக்கு நொட்டாங்கை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டுச் சண்டைகளில் முக்கால்வாசி அங்கேதான் ஆரம்பிக்கும். கத்தரிக்கோல் வெட்டவில்லை, கரண்டியின் மூக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, கதவின் தாழ்ப்பாளை எவன் இப்படி வைத்தான் என்று காலையில் தொடங்கினால், நான் வேலைக்குக் கிளம்பும்போது என் செருப்பில் வந்து நிற்கும். செருப்புக்கும் நொட்டாங்கைக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். அதோடு கேட்பதை விட்டுவிட்டேன்.

அவளுக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. இருபது வருஷமாக, வருகிறவர்களுக்கெல்லாம் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறாள். அங்கே இருக்கிற நாற்காலி, ஊசித்தட்டு, கலர் கலராக மூடி போட்ட குழாய்களை நிறுத்தி வைக்கிற சட்டம், எல்லாமே வலது கைக்காரர்களுக்காக வைத்தது. இவள் இடுப்பை ஒரு முறுக்கு முறுக்கித்தான் ஒவ்வொருவரையும் குத்த வேண்டும். அதற்கு நடுவில், கையை நீட்டி உட்கார்ந்திருக்கிறவர் வேறு, "அந்தக் கையாலயா குத்தப்போறீங்க?" என்று முகத்தைச் சுளிப்பார். "இந்தக் கையாலதான் குத்துவேன். வலிச்சா அந்தக் கையால தடவிக் குடுக்கிறேன்" என்பாள். ஆனால் நரம்பே அகப்படாத வயதானவர்களையும் கைக்குழந்தைகளையும் மற்றவர்கள் நாலு தடவை குத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் இவளைத்தான் கூப்பிடுவார்கள். ஒரே குத்து, வேலை முடிந்துவிடும். எங்கள் குடியிருப்பில் பிள்ளைகள் அவளுக்கு வைத்திருக்கிற பெயர் ரத்தக்காரி. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

நான் வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவன். வீடு வீடாகப் போய், பின்பக்கத்தைக் கழற்றி, எது எங்கே போகிறது, எதை மாற்றிப் போட்டால் ஓடும் என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்ட நான் இந்தக் கிட்டார் விஷயத்தில் முழு முட்டாளாக இருந்ததை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

கிட்டார் அவளுக்கு அண்ணன் வழியாக வந்தது. வந்தது என்பதைவிடத் திருடினாள் என்பது பொருத்தம். என் மச்சான் கல்லூரியில் படிக்கும்போது ஒரு எலக்ட்ரிக் கிட்டார் வாங்கி, அறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டி வைத்திருந்தார். அவர் சைக்கிள் தெருமுனை திரும்பியதும் பன்னிரண்டு வயதுத் தங்கை நாற்காலி போட்டு அதை இறக்குவாள். நொட்டாங்கை ஆயிற்றே, அதனால் திருப்பித்தான் பிடிக்க வந்தது. வலது கைக்காரன் பிடித்தால் தடித்த கம்பி மேலே, அவன் முகத்துப் பக்கம் இருக்கும். மெல்லிய கம்பி கீழே, மடிப் பக்கம். இவள் திருப்பியதும் தடித்தது கீழே போய்விட்டது, மெல்லியது மேலே வந்துவிட்டது. கம்பிகளைக் கழற்றி வரிசையை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும் என்று அந்த வயதிலேயே அவளுக்குப் புரிந்திருக்கிறது. முதல் கம்பியை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்து நின்றுவிட்டார். கம்பியில் கை வைத்தால் கையை ஒடித்துவிடுவேன், வாசிக்க வேண்டுமென்றால் இருக்கிறபடியே வாசி என்றாராம்.

இருக்கிறபடியே வாசித்தாள். கார்ட் என்று நாலைந்து கம்பிகளைச் சேர்த்து அமுக்கி ஒலிக்க வைக்கிற பிடிகள் உண்டு, அத்தனையையும் தலைகீழாகவே கண்டுபிடித்தாள். சொல்லிக் கொடுக்க ஆளில்லை, புத்தகத்தில் இருக்கிற படம் ஒன்றும் அவள் கைக்குப் பொருந்தாது. காதால் கேட்டு, விரலால் தேடி, அது போதாமல் அண்ணன் திரும்பி வருகிற சைக்கிள் மணிக்கும் ஒரு காதைக் கொடுத்துக் கற்றுக்கொண்டாள். மச்சான் வேறு கிட்டார் வாங்கியதும் பழையது இவளுக்கு வந்தது. அதற்குள் அது தலைகீழ் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. ஒரே வீட்டில் பல வருஷம் குடியிருந்தால் சுவர் கோணல் என்பது கண்ணில் படுமா?

கண்ணில் பட்டதெல்லாம் திருகுகள்தான். எலக்ட்ரிக் கிட்டாரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகுகள் கீழ்ப்பக்கம் இருக்கும். இவள் திருப்பிப் பிடித்தால் அவை மேலே வந்து, முன்கைக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். பாட்டு சூடு பிடிக்கிற நேரம் பார்த்துக் கை உரசி, சத்தம் அணைந்துவிடும். அதனால் ஆஸ்பத்திரியில் இருந்து பிளாஸ்டர் கொண்டுவந்து திருகின் மேல் ஒட்டி வைத்திருப்பாள். வயர் சொருகுகிற இடம் இடுப்பில் குத்தும். வளர்ந்ததும் அண்ணனுடைய இசைக்குழுவில் சேர்ந்தாள். மேடையில் அவருடைய கிட்டாரின் கழுத்து ஒரு பக்கம் நீளும், இவளுடையது எதிர்ப்பக்கம் நீளும், இரண்டும் முட்டிக்கொள்ளும். மச்சானின் குழுவில் பதினோரு வருஷம் வாசித்தாள், பதினோரு வருஷமும் டிரம்ஸுக்குப் பின்னால் நின்றுதான் வாசித்தாள்.

பிறகு அங்கிருந்து விலகி, ஆஸ்பத்திரி ஆட்களோடு சேர்ந்து தனியாக ஒரு குழு ஆரம்பித்தாள். ஆம்புலன்ஸ் டிரைவர் டிரம்ஸ், மருந்துக்கடைப் பெண் பாட்டு, இவள் ஒருத்திதான் கிட்டார். மூன்றே பேர் என்பதால் பாட்டு எலும்பும் தோலுமாக இருக்கும். அப்போதுதான் ஒரு கல்யாண வரவேற்பில் யாரோ ஒருவர் பன்னிரண்டு கம்பி எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பதைக் கேட்டாள். அதில் கம்பிகள் இரண்டிரண்டாக, ஆறு ஜோடியாக இருக்கும். தடித்த கம்பிகளுக்குப் பக்கத்தில் அதே சுரத்தை மேல் ஸ்தாயியில் பாடுகிற மெல்லிய கம்பி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். ஒருவர் வாசித்தால் இரண்டு பேர் வாசிக்கிற மாதிரிக் கேட்கும். இவள் தட்டைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றுவிட்டாள். நான் இரண்டாவது தடவை சாப்பிட்டு முடித்து வந்தபோதும் அங்கேயேதான் நின்றாள்.

சரி, வாங்கிவிடலாம் என்றேன். கையிருப்பும் இருந்தது, கிட்டார் வாங்குவதில் என்ன பெரிய கஷ்டம் என்று நினைத்தேன். ஆழம் தெரியாமல் காலை விட்டதற்கு என்னைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

முதல் கடை கண்ணாடிக் கதவும் ஏசியுமாகப் பெரிய கடை. சுவரில் மூன்று தொங்கின, மூன்றும் வலது கைக்கானவை. இடது கைக்கு உண்டா என்று கேட்டோம். விற்பனையாளர் ஒன்றை இறக்கி, தலைகீழாகத் திருப்பி, இதோ இடது கை ஆகிவிட்டது மேடம் என்று நீட்டினார், என்னமோ தொப்பியில் இருந்து முயலை எடுத்த மாதிரி. இவள் கை நீட்டி வாங்கக்கூட இல்லை, வெளியே வந்துவிட்டாள்.

இரண்டாவது கடையில் நான் கெஞ்சியதால் ஒன்றைத் திருப்பிப் பிடித்து வாசித்துப் பார்த்தாள். சும்மா சொல்லக் கூடாது, கடையே திரும்பிப் பார்த்தது. கல்லாவில் இருந்தவர் எழுந்து வந்து நின்றார். இதுதான், முடிந்தது வேலை என்று நான் மனசுக்குள் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது சத்தம் பொசுக்கென்று அணைந்தது. முன்கை திருகில் உரசிவிட்டது. அதைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினாள். பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ளலாமே என்றேன். அதை நான் சொல்லியிருக்கக் கூடாது.

தெருவில் நடு நடைபாதையில் நின்றுவிட்டாள். "நாப்பத்திமூணு வருஷமா எல்லாத்தையும் திருப்பிப் போட்டுத்தாங்க வாழறேன்" என்றாள். "எனக்குன்னு, என் கைக்குன்னு செஞ்சது ஒண்ணே ஒண்ணு வேணும். இத்தன வருஷத்துல ஒண்ணு கேக்கக் கூடாதா?"

அவள் கண் கலங்கி நான் அதிகம் பார்த்ததில்லை. கேட்டது நியாயம்தானே. ஒரு கத்தரிக்கோல்கூட அவள் கைக்கென்று அந்த வீட்டில் இல்லை, நானும் வாங்கிக் கொடுத்ததில்லை. அன்றிலிருந்து அது என் பிரச்சினையும் ஆகிவிட்டது. இடது கைப் பன்னிரண்டு கம்பி எலக்ட்ரிக் கிட்டார் கிடைக்காமல் விடுவதில்லை என்று நானும் கச்சை கட்டினேன்.

மூன்றாவது கடைக்காரர், ஆறு மாசம் உட்கார்ந்து வலது கையில் பழகிக்கொள்ளச் சொன்னார். உங்கள் கையெழுத்தை ஆறு மாசத்தில் இடது கைக்கு மாற்றிக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம் என்றேன். நாலாவது கடையில் அப்படி ஒன்றை உலகத்தில் யாருமே செய்வதில்லை என்று அடித்துச் சொன்னார்கள். ஐந்தாவது கடையில் இடது கைக்குப் பன்னிரண்டு கம்பி இருந்தது, ஆனால் எலக்ட்ரிக் இல்லை, பெரிய வயிறு வைத்த மரக் கிட்டார். மைக் ஒட்டிக்கொள்ளலாம் என்றார்கள். ஆறாவது கடையைப் போனில் மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு, இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போனோம். இடது கைதான், எலக்ட்ரிக்தான், கம்பி ஆறு. பன்னிரண்டு என்று சொன்னீர்களே என்றால், இன்னும் ஆறு சேர்த்துப் போட்டுக்கொள்ளலாமே என்றார் அந்த மனிதர். 

கல்லூரிக்குப் போகிற எங்கள் மகள் இன்டர்நெட்டில் ஒன்றைக் கண்டுபிடித்தாள். படத்தில் சாட்சாத் இடது கைக் கிட்டார். மூன்று பேரும் போனைச் சுற்றி உட்கார்ந்து சந்தோஷப்பட்டோம். பணம் கட்டப் போகிற நேரத்தில் மகள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கிட்டாரின் தலையில் கம்பெனிப் பெயர் கண்ணாடியில் தெரிகிற மாதிரித் திரும்பி இருந்தது. எவனோ வலது கைக் கிட்டாரின் படத்தைத் திருப்பிப் போட்டு வைத்திருக்கிறான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கிட்டார் என்ற சொல்லைக் கொஞ்ச நாள் யாரும் உச்சரிக்கவில்லை.

ஏழாவது கடை, ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் இருந்தது. கடை என்றால் ஒரு அறை, ஒரு மேஜை, மேஜை நிறைய மரத்தூள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்த கடைக்காரர் நாங்கள் சொன்னதைச் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார், அதுவே பெரிய விஷயம். ஆர்டர் கொடுத்தால் செய்து அனுப்புகிற ஒரு கம்பெனி இருக்கிறது, நாளாகும், பரவாயில்லையா என்றார். அவளே தாளை வாங்கி, இடது கை, பன்னிரண்டு கம்பி, எலக்ட்ரிக் என்று எழுதி, இடது கை என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டாள்.

கிணற்றில் போட்ட கல்தான். நாலு மாசம் கழித்துப் பெட்டி வந்தது. திறந்தால் வலது கைக் கிட்டார். கடைக்காரர் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினார். ஆர்டரில் இடது கை என்று தவறாகக் குறித்திருந்தார்கள், வாடிக்கையாளருக்குச் சிரமம் வேண்டாமே என்று நாங்களே திருத்திவிட்டோம் என்று பதில் வந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. இவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைவிட அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

திருப்பி அனுப்பி, மறுபடி ஐந்து மாசம். இரண்டாவது பெட்டி வந்த அன்று லீவு போட்டுவிட்டு வந்தாள். பெட்டியைத் திறந்ததும் மூன்று பேரும் முதலில் திருகுகளைத்தான் பார்த்தோம். இருக்க வேண்டிய பக்கம் இருந்தன. கடைக்காரர் சுதி சேர்க்க உட்கார்ந்தார். பன்னிரண்டு கம்பிக்கும் சுதி சேர்ப்பது சாதாரண வேலை இல்லை. ஒன்றை முறுக்கினால் அதற்கு முன்பு முறுக்கியது இளகும். இருபது நிமிஷம் நாங்கள் மூச்சு விடாமல் இருந்தோம். பிறகு அவள் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, கையைக் கீழே விட்டாள். முன்கை ஒன்றிலும் உரசாமல் விழுந்தது.

"எங்கேயும் இடிக்கலைங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். நாற்பத்துமூன்று வயதில் அவள் முகம் அப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது.

அப்புறம் விரலை வைத்து ஒரு கார்ட் அடித்தாள். வெண்கலக் கடையில் யானை புகுந்த மாதிரி இருந்தது. சுதி இறங்கியிருக்கும் என்று கடைக்காரர் வாங்கி மறுபடி முறுக்கினார், இன்னொரு இருபது நிமிஷம். மறுபடி அடித்தாள். மறுபடி யானை. கழுத்து வளைந்திருக்குமோ என்று அவர் கண்ணாடியை இறக்கிக் குனிந்து பார்க்கத் தொடங்கினார். எனக்குக் கம்பெனிக்காரன் மேல் கோபம் தலைக்கேறியது. இன்னும் ஐந்து மாசமா என்று வாயைத் திறக்கப் போனபோதுதான் கம்பிகளைப் பார்த்தேன். தடித்த ஜோடி மேலே இருந்தது, மெல்லிய ஜோடி கீழே. இடது கைக்கென்று ஒழுங்காகச் செய்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. முப்பத்தொரு வருஷமாக அவள் விரல் பழகியதற்கு நேர் தலைகீழாக இருந்தது.

அவளுக்கு முதல் கார்டிலேயே தெரிந்துவிட்டதாம், சொல்ல வாய் வரவில்லை என்று பிறகு சொன்னாள். கடைக்காரரின் தோளைத் தொட்டு நிறுத்தினாள். "விடுங்க. அது சரியாத்தான் இருக்கு. நான்தான் தலைகீழ்" என்றாள்.

ஒன்பது மாசம், ஏழு கடை, ஒரு திரும்பிய படம், ஒரு திருத்தப்பட்ட ஆர்டர். இத்தனைக்கும் நடுவில் எங்கள் மூளைக்கு இது உறைக்கவே இல்லை. மற்றவன் வீட்டு மெஷினில் வயர் மாறியிருந்தால் வாசலில் இருந்தே கண்டுபிடிக்கிற நான், பக்கத்தில் படுத்திருப்பவள் விரலில் என்ன இருக்கிறது என்று யோசிக்கவில்லை. என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

கம்பிகளை உங்கள் வரிசைக்கு மாற்றிப் போட்டுவிடலாம், கழுத்தின் உச்சியில் கம்பி உட்காருகிற எலும்புத் துண்டை மட்டும் புதிதாக வரி போட்டுச் செதுக்க வேண்டும் என்றார் கடைக்காரர். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. இதையும் மாற்றிப் போடுவதற்கா இத்தனை நாள் காத்திருந்தேன் என்றாள். சரியாகச் செய்து வந்திருக்கிறது, நான்தான் சரியாகப் பழகவேண்டும் என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். இவள் பன்னிரண்டில் நன்றாகவே வளைந்தவள், வளைத்தவன் தப்பாக வளைத்துவிட்டான், இப்போது நிமிர்த்தினால் ஒடிகிறது. வேலையில் இருந்து வந்ததும் கை கழுவிவிட்டுக் கிட்டாரோடு உட்காருவாள். ஒரு கார்டுக்கு விரல் ஒவ்வொன்றாகத் தேடித் தேடிப் போய் உட்காரும், அடுத்த கார்டுக்கு மாறுவதற்குள் பாட்டு முடிந்துவிடும். அகப்படாத நரம்பை ஒரே குத்தில் பிடிக்கிற கை, ஆறு ஜோடிக் கம்பியில் வழி தெரியாமல் அலைந்தது. பக்கத்து அறையில் அதைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது. குழாய் ஒழுகுகிறதா பார்க்கிறேன் என்று எழுந்து போவேன்.

அதைவிட மோசம், இரண்டு மாசத்தில் பழைய கிட்டாரிலும் தடுமாற ஆரம்பித்தாள். இந்த வரிசைக்குப் பழகாத கை, அந்த வரிசையையும் மறந்துகொண்டிருந்தது. ஒத்திகையில் ஒரு பாட்டுக்கு நடுவில் விரல் உறைந்துபோய் நின்றுவிட்டாளாம். மருந்துக்கடைப் பெண் தன்மையாக, கொஞ்ச நாள் ஒத்திகை வேண்டாமா அக்கா என்று கேட்டிருக்கிறாள். அன்று வந்து புதுக் கிட்டாரைப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். உள்ளதும் போச்சே என்று அவள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, ஆனால் இரண்டு பேரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அப்படி இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். விஷயம் அவர் காதுக்கு எப்படியோ போயிருந்தது. டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே, வந்த காரியத்தைச் சொன்னார்.

"சும்மாதானேம்மா கிடக்கு? எங்க குரூப்புக்குப் புதுசா ஒருத்தன் வந்திருக்கான், அவனும் நொட்டாங்கை. அவனுக்குக் குடுத்துடு. போட்ட காசை வாங்கிக்கோ. உனக்குத்தான் அந்தப் பழசு இருக்கே."

மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் துணியை மடித்து வைத்தாள். "அன்னிக்கு ஒரே ஒரு தடவை என்னைக் கம்பி மாத்த விட்டிருந்தா, இன்னிக்கு இது என் கையில பேசியிருக்கும்ண்ணா" என்றாள்.

"எந்தக் கம்பி?" என்றார் மச்சான்.

அவள் சொன்னாள். ஆணி, நாற்காலி, பாதி அவிழ்த்த கம்பி, கையை ஒடிப்பேன் என்றது, எல்லாவற்றையும் வார்த்தைக்கு வார்த்தை சொன்னாள். மச்சான் நெற்றியைச் சுருக்கி நிஜமாகவே யோசித்தார். அவர் நடிக்கவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நானா அப்படிச் சொன்னேன்? ஞாபகமே இல்லயேம்மா. விளையாட்டுக்குச் சொல்லியிருப்பேன். அதுக்காக முப்பது வருஷமா ஒருத்தி அப்படியேவா வாசிப்பா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே மாத்திக் குடுத்திருப்பேனே."

எனக்கு அந்த டீ டம்ளரைப் பிடுங்கிவிடலாமா என்று இருந்தது. ஒரு மனிதர் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விடுகிறார், இன்னொருத்தி அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டு ஆயுசு பூராவும் அதன்படி விரலை மடக்குகிறாள். அவருக்கு ஞாபகம்கூட இல்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், இவள் கண்ணாலேயே அடக்கிவிட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்று அண்ணனை அனுப்பிவைத்தாள். வாசல் வரை போய்ப் பார்த்துப் போகச்சொல்லிவிட்டும் வந்தாள்.

நான் பொருமித் தீர்த்தேன். அவருக்குக் கொடுக்கப் போகிறாயா, கொடுத்தால் நான் மனுஷனாக இருக்க மாட்டேன் என்று கத்தினேன். இவள் கட்டிலுக்கு அடியில் குனிந்து பெட்டியை இழுத்தாள். தூசியைத் தட்டிவிட்டுத் திறந்து, கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தாள்.

"அண்ணனுக்கு ஞாபகமே இல்லங்க" என்றாள். "இத்தன வருஷமா அவன் சொன்னதுக்காகத்தான் தலைகீழா வாசிக்கிறேன்னு நெனச்சிட்டிருந்தேன். அவன் அப்படி ஒண்ணு சொன்னதாவே அவனுக்குத் தெரியல. அப்போ அது அவனோடது இல்ல. தேடித் தேடிக் கண்டுபிடிச்சது நான்தானே? என்னோடதுதானே?"

நான் கத்துவதை நிறுத்திவிட்டேன். செருப்பை மாட்டுங்கள், கடைக்குப் போகலாம் என்றாள். ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது என்றேன். கடைக்காரர் அந்த மாடியிலேயேதானே குடியிருக்கிறார், எழுப்பலாம் என்றாள்.

கடைக்காரர் மத்தியானத் தூக்கத்தில் இருந்து எழுந்து, கதவைத் திறந்து, கம்பிகளைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்றதைக் கேட்டு மேஜை முன் உட்கார்ந்தார். முன்பு தானே சொன்ன யோசனைதான் என்றாலும் இப்போது அவருக்குத் தயக்கமாக இருந்தது. புது எலும்புத் துண்டு ஒன்றை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

"நல்லா யோசிச்சுக்குங்கம்மா. இத மாத்திட்டா நொட்டாங்கைக்காரனுக்குக் கம்பி தலைகீழ், வலது கைக்காரன் திருப்பிப் பிடிச்சா அவனுக்குத் திருகு இடிக்கும். நாளைக்கு விக்கணும்னா ஒருத்தன் வாங்க மாட்டான்."

"இரவல் கேக்கவும் மாட்டான்ல?" என்றாள். "மாத்துங்க."

அவர் செதுக்கினார். ஒவ்வொரு வரியையும் அரத்தால் இழைத்து, ஊதி, கம்பியை வைத்துப் பார்த்து, எடுத்து, மறுபடி இழைத்து முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. இடையில் ஒரு மெல்லிய கம்பி அறுந்தது, மாற்றுக் கம்பி தேட அரை மணி நேரம், நான் இரண்டு தடவை கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தேன். கடைசியில் சுதியும் சேர்த்து, அவளிடம் கொடுத்தார். அவள் வாரை மாட்டி, கையைக் கீழே விட்டு, கார்ட் அடித்தாள். இரண்டு பேர் வாசிக்கிற மாதிரி இருந்தது. விரல் தேடவில்லை. மறந்துபோனது என்று நினைத்த பாட்டு முழுவதும் ஓடியது, முன்கையை எதுவும் தடுக்கவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

வாசித்து முடித்ததும், மேல் கம்பி ஒன்று லேசாக அதிர்கிறது, பாருங்கள் என்று கழற்றி அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கி வலது கைக்காரன் மாதிரி பிடித்து அடித்தார், முன்கை திருகில் உரசிச் சத்தம் பொசுக்கென்று அணைந்தது. இடது பக்கம் திருப்பிப் பிடித்துப் பார்த்தார், கம்பி தலைகீழாக இருந்ததில் விரல் எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. நாற்பது வருஷமாகக் கிட்டார் பார்க்கிற மனிதர், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நாலு தடவை மாற்றிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எனக்குப் புரியலம்மா, நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்று அவளிடமே கொடுத்துவிட்டார்.